பவுல் அண்ணாச்சி கற்ற இங்கிலீஷ்

1

போன சனிக்கிழமை ரேஷன் ஆபீஸில் என்னை வெளியே போகச் சொன்னார்கள். அப்படித்தான் சொன்னார்கள் என்பது எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

மகள் கிரேஸின் ரேஷன் புத்தகத்தில் அவள் பெயரையும் அப்பா பெயரையும் யாரோ முன்பின்னாக மாற்றி எழுதிவிட்டார்கள். திருத்தித் தரச் சொல்லி வரிசையில் நின்றேன். தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை திரும்பி வருவது எனக்குப் பிடிக்கக்கூடும் என்றாள். ‘யூ மைட் லைக்’ என்பது அவள் சொன்ன சொல். எனக்கு அது பிடிக்காது என்று சொல்லிவிட்டு, அங்கே கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்ற ஒரு கிழவர் இருமினார். கடைசியில் ஒரு சிப்பந்தி வந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே என்னை எழுப்பி வாசல்வரை கொண்டுபோய் விட்டான்.

இதை இவர்கள் நாகரிகம் என்கிறார்கள். நம் ஊர் ரேஷன் கடைக்காரர், “இன்னைக்கு முடியாது, செவ்வாக்கெழம வாங்க” என்று முகத்துக்கு நேரே சொல்லுவார். நாம் அவரைத் திட்டிக்கொண்டே வீடு திரும்புவோம். இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்துவிடும். இங்கே கட்டளையைப் போட்டுவிட்டு, அது என்னுடைய ஆசைதான் என்று என்னையே நம்பச் சொல்கிறார்கள். அந்த ஏமாற்றுக்கு நான் நன்றியும் சொல்ல வேண்டுமாம்.

நான் இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவள். தூத்துக்குடியில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ‘மஸ்ட்’ என்றால் கட்டாயம், ‘மே’ என்றால் அனுமதி, ‘மைட்’ என்றால் சந்தேகம் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள். லிவர்பூலுக்கு வந்து இந்த மாதத்தோடு மூன்று வருஷம் ஆகிறது. எழுதிப் போட்டதில் பாதி பொய் என்று இப்போது தெரிகிறது. ஊரிலிருந்து எழுதுகிறவர்கள், இங்கிலீஷை அது பிறந்த நாட்டிலேயே கேட்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்திருப்பதாக எழுதுகிறார்கள். அந்தப் பாக்கியத்தை எனக்கு முன்பே, என் சொந்த ஊரிலேயே அனுபவித்தவர் ஒருவர் உண்டு. பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருந்தது அவரைத்தான்.

2

அவர் பெயர் பாவெல். ரஷ்யாக்காரர். கருங்கடல் ஓரத்துத் துறைமுகம் ஒன்றில் பிறந்தவர். சொந்த நாட்டில் ஆட்சி கவிழ்ந்தபோது வாலிபனாக வெளியேறி, ஷாங்காய், ரங்கூன் என்று கப்பல் எஞ்சின்களோடு காலம் தள்ளியிருக்கிறார். ஜப்பான்காரன் ரங்கூனுக்கு வந்தபோது ஓடிவந்த கூட்டத்தோடு இவரும் ஓடிவந்து, எப்படியோ தூத்துக்குடியில் கரை சேர்ந்தார். எந்த நாட்டுக்கும் பிரஜை இல்லை. நல்ல உயரம், தடித்த கழுத்து. உப்பளத்து வெயிலில் அந்தக் கழுத்து எப்போதும் தோல் உரிந்தபடி இருக்கும்.

ஒரு கப்பல் ஏஜென்சி கம்பெனி அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. கம்பெனியின் பெயரை எழுதி அதற்கு ஒரு கௌரவம் சேர்க்க எனக்கு மனமில்லை. நம் துறைமுகத்தில் கரையோரம் ஆழம் கிடையாது. கப்பல்கள் மைல்கணக்கில் தள்ளித்தான் நங்கூரம் போடும். சரக்கெல்லாம் தோணியில் கரைக்கு வரவேண்டும். தோணிகளைக் கட்டி இழுக்க அந்தக் கம்பெனியிடம் ஒரு பழைய நீராவி லாஞ்சு இருந்தது. அதன் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரன் யுத்தத்துக்குப் போய்விட்டான். அந்த இடத்துக்குப் பாவெல் வந்தார்.

லாஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் கடற்கரைத் தெருக் கத்தோலிக்கர்கள். புராட்டஸ்டண்டுகளான நாங்கள் பவுல் என்று சொல்லும் அப்போஸ்தலர் அவர்களுக்குச் சின்னப்பர். பாவெல் என்ற பெயரும் அந்தப் பெயர்தான் என்று தெரிந்ததும் அவர்கள் இவரைச் சின்னப்பர் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தால் அவர் பவுல். பள்ளிக்கூட ஆயா ஞானப்பூ முதல் நாளே அவரைப் பவுல் அண்ணாச்சி ஆக்கிவிட்டாள்.

யுத்த காலத்தில் கடற்கரைப் பக்கம் அந்நியர் இருப்பதற்குப் போலீஸ் அனுமதி வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். ஆள் யோக்கியன், வேலைக்கு அவசியமானவன் என்று கம்பெனி மானேஜர் எழுதிக் கொடுத்தால்தான் புதுப்பிப்பார்கள். இல்லாவிட்டால் ரயிலேற்றி, வடக்கே அந்நியர்களை அடைத்து வைத்திருந்த முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். மானேஜர் துரைக்குப் பாவெலின் எஞ்சின் வேலையில் குறை தெரியவில்லை. அவருடைய இங்கிலீஷைக் கேட்டால்தான் காது வலிக்கிறதாம். முறையாகப் படிக்காவிட்டால் இனிமேல் எழுதிக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

மானேஜரின் மனைவி எங்கள் பள்ளிக்கூடக் கமிட்டியில் இருந்தாள். ஒரு நாள் என்னிடம் வந்து, அந்த மனிதருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க எனக்குப் பிரியமாக இருக்கக்கூடும் என்றாள். கேள்வி கேட்கிறாள் என்று நினைத்து, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று சாயங்காலமே அவரை அனுப்பிவிட்டாள்.

3

பள்ளிக்கூடம் விட்ட பிறகு நாலாம் வகுப்பு அறையில் பாடம் நடக்கும். கதவும் ஜன்னலும் திறந்தே இருக்கும். ஊர் வாய்க்குப் பயந்து ஆயா ஞானப்பூவை வாசலில் உட்கார வைத்திருந்தேன். பெண்பிள்ளைகள் உட்காரும் சின்னப் பெஞ்சில் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் பக்கவாட்டாக உட்கார்ந்திருப்பார்.

இரண்டு சொல்லைச் சேர்த்து ஒரே அடைமொழியாக்குவது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. நீலக்கண் உள்ளவனுக்கு ‘புளூ-ஐட்’, நீண்ட காலுள்ளவனுக்கு ‘லாங்-லெக்ட்’. நடுவில் போடுகிற சின்னக் கோட்டை மிகவும் அக்கறையாகப் போடுவார். ‘த்ரீ-மந்த் பெர்மிட்’ என்று எழுதிக் காட்டியபோது மட்டும் சண்டைக்கு வந்தார்.

“மாசம் மூணு இருக்கு, டீச்சரம்மா. அந்த ‘எஸ்’ஸு எங்கன போச்சு?”

வந்த ஓரிரு மாதத்திலேயே லாஞ்சுக்காரர்களிடம் தமிழ் பிடித்துவிட்டார். அடுப்படியிலும் எஞ்சின் அறையிலும் அதுதானே பேச்சு. இங்கிலீஷ் இலக்கணத்தை நான் பாதி தமிழில்தான் அவருக்கு விளக்கினேன். “நாங்களும் மூணு மாசக் குழந்தைன்னுதான் சொல்லுவோம், மூணு மாசங்கள் குழந்தைன்னு சொல்ல மாட்டோம்” என்றேன். கொஞ்சம் யோசித்து, அப்படியானால் சரிதான் என்று ஒத்துக்கொண்டார்.

பிறகு தாமாகவே செய்து பார்க்க ஆரம்பித்தார். லாஞ்சுக்கு ‘சால்ட்-ஈட்டன்’, உப்பு அரித்தது. கம்பெனிக்கு ‘காட்-ஃபர்காட்டன்’, கடவுள் மறந்தது. மானேஜர் துரைக்கு ‘வெல்-ஃபெட்’, நன்றாகத் தின்று கொழுத்தவர். நான் எதையும் திருத்தவில்லை. பிழை இருந்தால்தானே திருத்த?

தகராறு எல்லாம் மஸ்ட், ஷுட், மே, கேன் வகையறாக்களில்தான். தம் பாஷையில் “எனக்குப் போக வேண்டும்”, “எனக்குக் குளிர்கிறது” என்றுதான் சொல்லுவோம் என்றார் அவர். எனக்கு ஆச்சரியமாகப் போயிற்று. நாமும் அப்படித்தானே சொல்லுகிறோம்? குளிரும் பசியும் கட்டாயமும் நம்மைத் தேடி வருகிறவை. இங்கிலீஷ்காரன் மட்டும் ‘ஐ’ என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நிற்பான். குளிரைக்கூட அவனே உத்தரவு போட்டு வரவழைத்த மாதிரி.

அவருக்குக் கடைசிவரை பிடிபடாத இடம் ஒன்று உண்டு. ஒரு காரியத்தைச் செய்தாக வேண்டியிருந்தது, செய்தேன் என்பதற்கும், செய்திருக்க வேண்டும், செய்யாமல் விட்டேன் என்பதற்கும் அவர் பாஷையில் அநேகமாக ஒரே சொல்தானாம். கேட்கிறவன் இடம் பார்த்துப் புரிந்துகொள்வான். நான் கதவை வைத்து விளக்கினேன். ‘ஐ ஹேட் டு குளோஸ் தி டோர்’ என்றால் மூடினேன். ‘ஐ ஷுட் ஹாவ் குளோஸ்ட் தி டோர்’ என்றால் மூடவில்லை. அவர் தலையாட்டுவார். மறுநாள் மாற்றிச் சொல்லுவார். ‘ஷுட் ஹாவ்’ அவருக்கு நீளமாக, கனமாக, ஆபீசர்கள் பேசுகிற இங்கிலீஷாகத் தோன்றியது. ‘ஹேட் டு’ கூலிக்காரன் பேச்சு என்று நினைத்தார்.

வாசலில் இருந்த ஞானப்பூவுக்குப் பொறுக்கவில்லை. “கதவ மூடுனாரா, மூடலையா? அதச் சொல்லதுக்கு ரெண்டு நாளா டீச்சரம்மா? இந்த வெள்ளக்காரனுக்கு வேற சோலி இல்லையா?” என்றாள்.

4

இங்கே என் அன்றாடம் இப்படி இருக்கிறது. காலையில் கணப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டுவேன். கிரேஸைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன். என் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போவார். பிறகு நான் வரிசைகளில் நிற்பேன். ரொட்டிக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று. இந்த ஊர் மீனைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. தூத்துக்குடியில் அதைப் பூனைக்குப் போட்டால் பூனை கோபித்துக்கொள்ளும்.

தூத்துக்குடி என்றால் முத்து என்று பக்கத்து வீட்டுப் பெண்மணி எங்கோ படித்திருக்கிறாள். நீங்கள் எல்லாரும் முத்தை வாரி இறைத்திருப்பீர்களே என்கிறாள். என் காலத்தில் முத்துக்குளிப்பே நடக்கவில்லை, சங்குதான் குளித்தார்கள், அதுவும் வேறு யாரோ குளித்து வேறு யாரோ விற்றார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். நான் ஒளித்து வைத்திருப்பதாக நினைக்கிறாள்.

அவள் என் இரும்புச் சட்டியை இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. ஒரு நாள் வேலிக்கு அருகே நிறுத்தி, ‘யூ மஸ்ட் ரிடர்ன் மை பேன்’ என்றேன். முகம் சிவந்து உள்ளே போய்விட்டாள். வீட்டுக்குள் வந்ததும் எட்டு வயது கிரேஸ் எனக்குப் பாடம் நடத்தினாள். மஸ்ட் சொல்லக்கூடாதாம். ‘ஐ வொண்டர்’ என்று ஆரம்பித்து, என் சட்டியைத் திரும்பப் பெற முடியுமா என்று நான் வியப்பதாகச் சொல்ல வேண்டுமாம். என் சட்டியைக் கேட்க நான் எதற்கு வியக்க வேண்டும்? அவள் இதையெல்லாம் இங்கிலீஷில்தான் சொன்னாள். நான் தமிழில் பதில் சொன்னால், தெருவில் போகிறவர்கள் கேட்டுவிடுவார்களோ என்று ஜன்னலைப் பார்க்கிறாள்.

போன வருஷம் அவள் வகுப்பு ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு, வீட்டில் இங்கிலீஷிலேயே பேசுவது நல்லதாக இருக்கக்கூடும் என்றாள். என் கணவர் உடனே சரி என்றார். பெரிய டாக்டர், ஆனால் வெள்ளைக்காரி ஒருத்தி ‘கூடும்’ என்று சொல்லிவிட்டால் போதும், எழுந்து நிற்பார்.

5

வாடைக்காற்று தொடங்கிய சமயம், லாஞ்சின் நீராவிக் குழாய் ஒன்றில் இணைப்பு நைந்துபோயிருப்பதைப் பாவெல் பார்த்திருக்கிறார். மானேஜரிடம் போய், ‘திஸ் பைப் கேன் பர்ஸ்ட்’ என்று சொன்னார். வெடிக்கக் காத்திருக்கிறது என்பது அவர் மனதில் இருந்த அர்த்தம். மானேஜர் சிரித்திருக்கிறார். உலகத்தில் எந்தக் குழாய்தான் வெடிக்க முடியாதது என்று கேட்டு, யுத்த காலத்தில் புதுக் குழாய்க்கு எங்கே போவது என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் வெடித்தது. கப்பலிலிருந்து கோதுமை மூட்டை ஏற்றிய இரண்டு தோணிகளை இழுத்துக்கொண்டு லாஞ்சு கரைக்கு வந்துகொண்டிருந்தது. கரி தள்ளிக்கொண்டிருந்த சவரிமுத்து என்ற பையனுக்கு இரண்டு காலும் வெந்துபோயின. சங்கு குளிக்கிற குடும்பத்துப் பையன். கல்யாணமாகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. என் கணவர் அப்போது வேலை பார்த்த மிஷன் ஆஸ்பத்திரிக்குத்தான் அவனைக் கொண்டுவந்தார்கள். நான் பார்க்கப் போனபோது அவனே சொன்னான்.

“படார்னு சத்தம், டீச்சரம்மா. ஒரே ஆவி. கண்ணு தெரியல. நா கத்துதேன். சின்னப்பரு அந்த ஆவிக்குள்ளயே பாஞ்சு வாராரு. வெறுங்கையால வால்வத் திருகி அடைச்சாரு. அவரு கையும் வெந்து போச்சு. அவரு அடைக்கலன்னா என் பொஞ்சாதி இன்னைக்கு வெள்ளச்சீல கட்டியிருப்பா.”

வால்வை அடைத்ததும் எஞ்சின் நின்றது. எஞ்சின் நின்றதும் காற்று லாஞ்சையும் தோணிகளையும் தள்ளிக்கொண்டு போயிற்று. ஒரு தோணி முயல் தீவுப் பக்கம் பாறையில் மோதி உடைந்தது. ஆட்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள். கோதுமை கடலோடு போயிற்று.

கம்பெனி விசாரணை வைத்தது. மானேஜர் கேள்வி கேட்க, ஹெட் கிளார்க் எழுதினார். விசாரணை முடிந்து பாவெல் நேரே பாடத்துக்கு வந்தார். வலது கையில் பெரிய கட்டு. முகத்தில் சந்தோஷம்.

“டீச்சரம்மா, இன்னைக்கு நல்ல இங்கிலீஷ் பேசுனேன். பெரிய இங்கிலீஷ்.”

“என்ன சொன்னீங்க?”

“வெடிச்சதும் என்ன செஞ்சன்னு கேட்டாரு. ‘ஐ ஷுட் ஹாவ் குளோஸ்ட் தி வால்வ்’ன்னு சொன்னேன். ரெண்டு தடவ கேட்டாரு. ரெண்டு தடவயும் பிழை இல்லாமச் சொன்னேன். கையெழுத்தும் போட்டேன்.”

ஞானப்பூ வாசலிலிருந்து எழுந்து வந்து, “என்ன டீச்சரம்மா, மூஞ்சி இப்படிப் போச்சு?” என்றாள். நான் அவரிடம் கதவுப் பாடத்தைத் திரும்பச் சொன்னேன். மெதுவாக, தமிழில் சொன்னேன். அவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். கடைசியில், “அப்ப நா அடைக்கலன்னு சொல்லிட்டு வந்தனா?” என்றார்.

6

மறுநாள் நான் மானேஜரைப் பார்க்கப் போனேன். நாற்காலி போட்டார். தேநீர் வரவழைத்தார். நான் சொன்னதை எல்லாம் தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு, அந்த மனிதன் தன் வாயாலேயே சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கிறானே என்று வருத்தப்பட்டார்.

“வால்வை அடைக்காவிட்டால் அவர் கை எப்படி வெந்தது?” என்று கேட்டேன்.

அது எத்தனையோ விதமாக நடந்திருக்கக்கூடும் என்றார். சவரிமுத்து பார்த்திருக்கிறானே என்றதற்கு, அவ்வளவு ஆவியில் அவன் எதைப் பார்த்திருக்கக்கூடும் என்றார். நான் வேண்டுமானால் எழுதிக் கொடுக்கலாமாம். அது கவனிக்கப்படக்கூடுமாம். ‘மே’, ‘மைட்’ இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு எழுந்து கதவைத் திறந்தார்.

விஷயம் வெளிச்சமானது. பாவெல் அடைத்தார் என்றால் குற்றம் குழாயுடையது. குழாய் கம்பெனியுடையது. அடைக்கவில்லை என்றால் குற்றம் நாடில்லாத ஒரு ரஷ்யாக்காரனுடையது. போலீசுக்கு அனுப்பப் போகிற அறிக்கையில் அவரை ‘ஹாட்-ஹெட்டட்’, ‘ஹாஃப்-ட்ரெய்ன்ட்’ என்று எழுதியிருந்தார்கள். முன்கோபி, அரைகுறையாகத் தொழில் தெரிந்தவன். பாவம், அந்த மனிதர் ஆசை ஆசையாகப் படித்த அடைமொழிகள்.

ஹெட் கிளார்க் எங்கள் ஜில்லா நாசரேத்துக்காரர், எங்கள் சபை ஆள். அதனால் அவரைத் திட்ட எனக்குக் கூடுதல் உரிமை உண்டு. வெளியே வந்து, “அண்ணாச்சி, அவரு கையப் பாத்தீங்கள்லா?” என்று கேட்டேன்.

“பாத்தேன் டீச்சர். ஆனா வாயில வந்ததத்தான எழுத முடியும்? துரை வேற பக்கத்துல நிக்காரு” என்றார். அவர் வாழ்நாள் முழுக்கத் துரை பக்கத்தில் நின்றுகொண்டேதான் இருந்தார்.

அனுமதியைப் பற்றி முடிவு செய்யத் திருநெல்வேலியிலிருந்து ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். அன்று நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கம்பெனி வராந்தாவில் பாவெலோடு நின்றேன். இன்ஸ்பெக்டர் படியேறியதும் முன்னால் போனேன்.

“ஐயா, ஒருத்தர் வாக்குமூலம் குடுக்கணும்னா எந்த பாஷையில குடுக்கணும்?”

“அவருக்குத் தெரிஞ்ச பாஷையில. இதென்ன கேள்வி?”

“இவர் தெரியாத பாஷையில குடுத்துட்டார். தெரிஞ்ச பாஷையில இன்னொரு தடவை கேக்கணும்.”

“ரஷ்ய பாஷைக்கு நா எங்கம்மா போவேன்?”

“ரஷ்ய பாஷை வேண்டாம். தமிழ்ல சொல்லுவார்.”

இன்ஸ்பெக்டர் பாவெலை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கியதும், “சரி, சொல்லட்டும். கேப்போம்” என்றார்.

மானேஜரின் அறையில் எல்லாரும் நின்றோம். அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். இவனுக்குத் தமிழ் தெரியும் என்று எங்களிடம் சொல்லவே இல்லையே என்றார். நீங்கள் கேட்கவே இல்லையே என்று நான் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் கேட்டார்: “கொழாய் வெடிச்சதும் என்ன செஞ்சீரு?”

பாவெல் லாஞ்சுத் தமிழில் சொன்னார். “பையன் கத்துனான். வால்வ அடைக்க வேண்டியதாப் போச்சு. அடைச்சேன்.”

“அடைச்சீரா, அடைச்சிருக்கணுமா? நல்லா யோசிச்சுச் சொல்லும்.”

“அடைச்சேன்யா! இந்தக் கையாலதான் அடைச்சேன்.” கட்டை அவிழ்த்துக் காட்டினார். உள்ளங்கையில் வால்வுச் சக்கரத்தின் வளைவு அப்படியே தோலில் பதிந்து சிவந்திருந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை.

“கொழாய் கெட்டுப்போனது முன்னாலயே தெரியுமா?”

“தெரியும். துரைகிட்ட சொன்னேன். வெடிக்கப் போவுதுன்னு சொல்லத் தெரியல. வெடிக்க முடியும்னு சொன்னேன். துரை சிரிச்சாரு.”

என்ன சொல்கிறான் என்று மானேஜர் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் விடவில்லை. சிரித்ததையும் சேர்த்துத்தான் சொன்னேன். பிறகு, முதல் விசாரணையில் இவர் செய்தது இலக்கணப் பிழை, எஞ்சினில் பிழை எதுவும் செய்யவில்லை என்றேன். ஹெட் கிளார்க் மைக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்ஸ்பெக்டர் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். பாவெல் இடது கையால் போட்டார்.

7

அனுமதி புதுப்பிக்கப்பட்டது. யுத்த காலத்தில் எங்குமே கிடைக்காத குழாய் அந்த வாரமே கிடைத்தது. சவரிமுத்து எழுந்து நடந்தான். காலில் தழும்போடு, சற்று இழுத்து நடந்தான். அவனுக்குக் கம்பெனி ஒரு வேட்டியும் அனுதாபமும் கொடுத்தது.

மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. இங்கே தெருவில் தோள் இடித்துவிட்டால் மூன்று தடவை மன்னிப்புக் கேட்கிற ஜாதி, ஒரு மனிதனை முகாமுக்கு அனுப்பப் பார்த்ததற்கு ஒரு தடவை கேட்கவில்லை. ஹெட் கிளார்க் மட்டும் ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் என்னைப் பார்த்து, “துரை ஒங்கள ‘வெல்-மீனிங் லேடி’ன்னு சொன்னாங்க டீச்சர்” என்று பெருமையாகச் சொன்னார்.

பாவெல் அதற்கு அர்த்தம் கேட்டார். நல்ல எண்ணம் உள்ளவள், ஆனால் அதற்கு மேல் ஒன்றும் இல்லாதவள் என்று விளக்கினேன்.

“அப்ப வசவுதான்” என்றார்.

“வசவுதான்.”

“கோடு போட்ட வசவு” என்று சொல்லிவிட்டு, அதையும் எழுதிப் பழகினார்.

யுத்தம் முடிந்ததும் அவர் நாட்டிலிருந்து ஒரு செய்தி சுற்றி வந்தது. வெளியே போனவர்கள் திரும்பி வரலாம் என்று. நான் அவரிடம் கேட்டேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு, “வேண்டாம்” என்றார். கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பஞ்சாலை ஒன்றில் கொதிகலன் பார்க்கிற வேலையில் சேர்ந்தார். சவரிமுத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துக்கொண்டார். அங்கேதான் இன்னும் இருக்கிறார். நான் இங்கே இருக்கிறேன்.

8

என் கணவருக்கு லிவர்பூலில் மேல்படிப்பும் வேலையும் கிடைத்து நாங்கள் புறப்பட்டபோது, முதலில் கொழும்புக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. எங்களைக் கப்பலுக்குக் கொண்டுபோன லாஞ்சில் பாவெலும் ஏறிக்கொண்டார். இப்போது அது அவர் வேலை இல்லை. லாஞ்சுக்காரர்கள் அவரைப் பார்த்ததும் எஞ்சினை அவரிடமே விட்டுவிட்டார்கள்.

கிரேஸுக்கு அப்போது ஐந்து வயது. எஞ்சின் அறை வாசலில் நின்றுகொண்டு அவரைக் கேள்விமேல் கேள்வி கேட்டாள். அடுப்பு ஏன் சுடுகிறது, கப்பல் ஏன் கரைக்கு வரவில்லை, மீனுக்குக் குளிராதா. எல்லாவற்றுக்கும் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில் அவள், “மாமா, நாங்க திரும்பி வருவோமா?” என்று கேட்டாள்.

வருவீர்கள் என்று சொல்லியிருக்கலாம். வரலாம் என்றும் சொல்லியிருக்கலாம். அவர் கையைக் கழிவுப் பஞ்சில் துடைத்துக்கொண்டு அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

“வரணும்” என்றார்.

அதைக் கட்டளையாகவும் எடுத்துக்கொள்ளலாம், ஆசையாகவும் எடுத்துக்கொள்ளலாம், விருந்துக்கு அழைப்பதாகவும் எடுத்துக்கொள்ளலாம். மூன்றும் அதில் இருந்தன. எதுவும் ஒளிந்திருக்கவில்லை. கப்பல் ஏணியில் நின்று நான் திரும்பிப் பார்த்தபோது லாஞ்சு திரும்பிக்கொண்டிருந்தது.

நேற்று இரவு சாப்பாட்டின்போது கிரேஸிடம், “பவுல் மாமா ஞாபகம் இருக்கா?” என்று கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்து யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்து, இங்கிலீஷில், “ஆமாம், படகில் இருந்தவர்! வேடிக்கையாக ஏதோ பாஷை பேசுவாரே, அவர்தானே?” என்றாள்.

அவர் அவளிடம் பேசியது முழுக்கத் தமிழ்.